யமஹா டிஒய்175 (1975): பாகம் எங்கே தேடுவது, எது எதோடு பொருந்தும்?

கல்லாறு | சுங்கை சிப்புட்

வணக்கம். 1975 டிஒய்175 ஒன்னு, பாறை மேல மெதுவா ஏறுற ட்ரையல்ஸ் பைக், கைக்கு வந்திருக்கு. தோட்டத்து ஸ்டோர்ல பல வருஷம் சும்மா நின்ன வண்டி. பிரேம் நம்பர், என்ஜின் நம்பர் ரெண்டும் 525-ல தொடங்குது, கிராண்ட்ல (வண்டிப் பதிவுப் பத்திரம்) இருக்கிறதோட ஒத்துப்போகுது. நிலைமை இதுதான்:

ஸ்டார்ட் ஆகுது. ஆனா சூடானதும் திராட்டில விட்டாலும் ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர்ல கண்ணுக்குத் தெரியிற வெடிப்பு. இக்னிஷன் பாயிண்ட் கருகியிருக்கு. கிளட்ச் சூட்டுல ஒட்டுது, நியூட்ரல் விழாது. ஃபோர்க் குழாய்ல துருக்குழி, ரெண்டு பக்கமும் எண்ணெய் கசியுது. முன் ஸ்ப்ராக்கெட் பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டுல ஆடுது. பின்னாடி ரோட்டு டயர் ஒன்னு வெடிச்சுப்போய் கிடக்கு.

டவுன்ல இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டா, "என்ன மாடல்? ஸ்க்ரம்ப்ளரா?"ன்னு கேட்டுட்டு கையை விரிச்சிடுறாங்க. எதை இங்கேயே பார்த்துக்கலாம், எதை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_இரும்பு | தைப்பிங்

தம்பி, கடையில வண்டி பேரைச் சொல்லிக் கேட்காதீங்க. டிஒய்175 என்றால் கடைக்காரர் கணினியில் ஒன்றும் வராது. பாக எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அளவைச் சொல்லுங்கள். இந்த வண்டியில் பாதிக்கு மேல் வேறு யமஹாக்களிலும் இருந்த பாகங்களும், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கிற சாதாரண சாமான்களும்தான். டிஒய்க்கென்றே செய்தவை கொஞ்சம். பணத்தை அந்தக் கொஞ்சத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

யமஹா எண்ணை இப்படிப் படிக்க வேண்டும். 525-11631-00 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கம், அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பது. 525 என்பது உங்கள் டிஒய்175. நடு ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பது. எல்லா மாடலுக்கும் ஒன்றே. 11631 பிஸ்டன், 11635 அதே பிஸ்டன் 0.25 ஓவர்சைஸ் (0.25 மி.மீ. பெரியது), 11636 என்றால் 0.50. 11181 ஹெட் கேஸ்கெட், 11351 சிலிண்டர் அடி கேஸ்கெட், 16321 கிளட்ச் ஃபிரிக்ஷன் பிளேட். கடைசி இரண்டும் திருத்தம்.

பாகப் பட்டியலில் முதல் மூன்று இலக்கம் 525 ஆக இல்லாத ஒவ்வொரு வரியும் உங்களுக்கு லாபம். வேறு மாடலிலிருந்து கடன் வாங்கிய பாகம் அது. அந்த மாடல் பேரைப் போட்டுத் தேடினால் நாலு இடத்தில் கிடைக்கும்.

93-இல் தொடங்குபவை இன்னும் சுலபம். 93306 என்றால் பேரிங். கோட்டுக்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 205 என்றால் 6205, 305 என்றால் 6305, 202 என்றால் 6202. யமஹா பெட்டியே வேண்டாம், பேரிங் கடைக்குப் போனால் போதும். 93102 ஆயில் சீல். அடுத்த இரண்டு இலக்கம் உள்விட்டம். போல்ட், ஸ்க்ரூ எண்களில் கடைசி ஐந்து இலக்கத்திலேயே அளவு இருக்கிறது: 06025 என்றால் 6 மி.மீ. தடிமன், 25 மி.மீ. நீளம்.

படத்தோடு கூடிய பாகப் பட்டியல் நெதர்லாந்து கடையான சிஎம்எஸ்என்எல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உங்கள் அளவை எழுதுங்கள். வருஷ எழுத்தையும் கவனியுங்கள்: ஏ 1974, பி 1975, சி 1976. உங்களுடையது பி.

டூஸ்ட்ரோக்_தம்பி | கம்பார்

எதுக்கு அண்ணே இவ்ளோ சுத்து? யமஹா ஆர்எக்ஸ்ஸெட் சாமான் இந்த ஊர்ல எங்கே வேணாலும் கிடைக்குது. பிஸ்டன், கிளட்ச், காயில் எல்லாத்தையும் அதுலயே போட்டுடலாமே?

பழைய_இரும்பு | தைப்பிங்

ஆர்எக்ஸ்ஸெட் 56 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 54 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). டிஒய்175 66-க்கு 50, மொத்தம் 171 சிசி. பிஸ்டன் பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு உறவு யமஹா டிடி175. அதுவும் 66-க்கு 50. ஆனால் போர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக டிடி பிஸ்டனை வாங்கி அப்படியே இறக்கிவிடாதீர்கள். பழைய பிஸ்டனைப் பக்கத்தில் வைத்து நாலு விஷயம் பாருங்கள்: பிஸ்டன் பின் (ஊசி) விட்டம், அந்த ஊசி மையத்திலிருந்து மேல்முகம் வரை உயரம், ரிங் நிற்கிற ஆணி எந்தக் கோணத்தில் இருக்கிறது, பின்பக்கப் பாவாடையில் ரீட் வால்வுக்கு (கலவையை உள்ளே மட்டும் விடுகிற இதழ் வால்வு) எதிரே வெட்டியிருக்கிற ஜன்னல். ரிங் ஆணி போர்ட் வாசலுக்கு நேரே வந்தால் ரிங் முனை உள்ளே மாட்டி உடையும், சிலிண்டரும் போகும். ஜன்னல் சின்னதாக இருந்தால் வண்டி ஓடும், ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும்.

ஆர்எக்ஸ்ஸெட் கடையில் வாங்கக்கூடியது: பிளக் கேப், பெட்ரோல் குழாய், லீவர், 428 சங்கிலி, டூஸ்ட்ரோக் எண்ணெய். அவ்வளவுதான்.

கடைசல்காரன் | ஈப்போ

லேத் வேலை பக்கத்தை நான் சொல்றேன்.

ஸ்விங் ஆர்ம் புஷ் வெளிநாட்டுல தேட வேணாம். பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துட்டு, ஸ்விங் ஆர்ம் குழாயோட உள்விட்டம், பைவட் குழாயோட வெளிவிட்டம், நீளம் மூணையும் வெர்னியர்ல எடுங்க. ரெண்டு முனையிலயும் எடுங்க, பழைய வண்டியில குழாய் முட்டை வடிவமாயிருக்கும். பாஸ்பர் பிரான்ஸ்ல கடைஞ்சா போதும், உள்ளே கிரீஸ் ஓடுற மாதிரி ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுங்க. நைலான்ல போட்டா விலை குறைவு. ஆனா நைலான் ஈரத்துல ஊறும், நம்ம ஊர் மழைக்கும் சேத்துக்கும் ரெண்டு மாசத்துல ஸ்விங் ஆர்ம் இறுகிப் போயிடும். பைவட் குழாய் தேஞ்சிருந்தா புது புஷ் மட்டும் போட்டு பிரயோஜனம் இல்ல, ரெண்டையும் சேர்த்தே செய்யணும்.

ஃபோர்க் குழாய்: செம்பனை ஆலைக்கும் எக்ஸ்கவேட்டருக்கும் ஹைட்ராலிக் ராட் சரிபண்ற பட்டறைதான் உங்களுக்கு வேணும். மெங்லெம்பு பக்கம் விசாரிங்க. வேலை என்னன்னா, பழைய குரோமை உரிச்சு, கிரைண்ட் பண்ணி, ஹார்டு குரோம் ஏத்தி, பழைய விட்டத்துக்கே திரும்ப கிரைண்ட் பண்றது. சரியான விட்டம் எதுன்னு கேட்டா, மேல் கிளாம்ப் பிடிச்சிருந்த இடத்துல அளங்க, அங்கே தேய்மானம் இருக்காது. குடுக்கிறதுக்கு முன்னாடி குழாயை வி-பிளாக்ல வெச்சு டயல் கேஜ் போட்டு உருட்டுங்க. வளைஞ்ச குழாய்க்கு குரோம் ஏத்துறது காசை ஆத்துல போடுற வேலை. அலங்கார குரோம் கடைக்குக் குடுத்துடாதீங்க, பளபளன்னு வரும், ஒரு மழைக்காலத்துல உரியும்.

இன்னொன்னு. குழி எங்கே இருக்குன்னு பாருங்க. சீல் ஓடுற நீளத்துல இருந்தாதான் பிரச்சனை. கிளாம்புக்குப் பக்கத்துல, சீல் போகாத இடத்துல இருந்தா அப்படியே விட்டுடலாம். ரெண்டு மூணு சின்னக் குழிதான்னா விளிம்பை எண்ணெய்க்கல்லுல மெதுவா தட்டையாக்கி, குழியில எபாக்ஸி நிரப்பி, காஞ்சதும் 1000 நம்பர் ஈரத்தாள்ல குறுக்கா தேய்ங்க. நிரந்தரம் இல்ல, ஆனா தாங்கும்.

சீல் வாங்கும்போது மூணு அளவு: குழாய் விட்டம், சீல் உக்கார்ற பள்ளத்தோட விட்டம், ஆழம். சீல் மேலயே மூணும் அச்சடிச்சிருக்கும். ஆழம் கொஞ்சம் கம்மியான சீல் கிடைச்சா வாஷர் வெச்சு சமாளிக்கலாம், அதிகமானது கிளிப்பை உக்கார விடாது.

கல்லாறு | சுங்கை சிப்புட்

நன்றி அண்ணே. ஹெட் கழட்டிட்டேன். சிலிண்டர் அளவு: மேல்விளிம்புல இருந்து கொஞ்சம் கீழே 66.61, நடுவுல 66.57, அடியில 66.53. பிஸ்டன் மேல 50-ன்னு தட்டியிருக்கு. சுவர்ல எக்ஸாஸ்ட் பக்கம் ரெண்டு நீளக் கோடு, நகத்துல மாட்டுது. ரிங் மட்டும் மாத்தினா போதுமா?

பழைய_இரும்பு | தைப்பிங்

போதாது. 50 என்றால் ஏற்கெனவே 0.50 ஓவர்சைஸுக்குப் போர் செய்தாகிவிட்டது; அப்போது சிலிண்டர் 66.50 இருந்திருக்கும். இப்போது மேலே 0.11 தேய்மானம், மேலுக்கும் அடிக்கும் 0.08 சரிவு. நகத்தில் மாட்டுகிற கோடு இருக்கும்வரை புது ரிங் சரியாக அடைக்காது. அடுத்த அளவு 66.75-க்குப் போங்கள். 1.00 வரை ஓவர்சைஸ் உண்டு, ஆகவே இதற்குப் பின்னும் ஒரு முறை மிச்சம் இருக்கிறது.

பிஸ்டன் கையில் வருமுன் சிலிண்டரைப் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். பெட்டியில் 66.75 என்று எழுதியிருக்கும். பிஸ்டனைப் பாவாடை அடியில், பிஸ்டன் ஊசிக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரில் அளந்தால் 66.71 போல வரும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அந்த அளவோடு 0.04 முதல் 0.05 வரை கூட்டிப் போர் செய்யச் சொல்லுங்கள். காஸ்ட் பிஸ்டனுக்கு இது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கினால் அதன் தாளில் உள்ள இடைவெளியையே பின்பற்றுங்கள், கூடுதலாக இருக்கும். போர் முடிந்ததும் எல்லா போர்ட் விளிம்பையும் லேசாக மழுக்க வேண்டும். நம் பட்டறைகளில் ஃபோர்ஸ்ட்ரோக் வேலை செய்து பழகியவர்கள் இதைத் தவறவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். கூரான விளிம்பில் ரிங் ஒரே நாளில் போகும்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி முனை இடைவெளி பாருங்கள். 0.3 மி.மீ. அளவில் இருந்தால் சரி. எழுத்து உள்ள பக்கம் மேலே.

மேட்டுலயம் | சுங்கை சிப்புட்

எக்ஸாஸ்ட் பக்கம் கோடுன்னா அது லீனா (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) ஓடி இறுகின அடையாளம். போர் பண்ணி புது பிஸ்டன் போட்டாலும், காத்து எங்கே இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கலைன்னா மறுபடியும் அதேதான். ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குதுன்னு முதல் பதிவுலயே சொல்லியிருக்கீங்க.

ரெண்டு சந்தேகம். ஒன்னு அந்த வெடிச்ச ரப்பர். இன்னொன்னு மேக்னெட்டோ பக்க கிராங்க் சீல். கிளட்ச் பக்க சீல் போனா குணம் வேற: கியர் எண்ணெயை இழுத்துக் குடிக்கும், வெள்ளைப் புகை, கியர் எண்ணெய் குறையும். உங்களுக்கு அது சொல்லலை.

ஊகிக்க வேணாம், சோதிச்சிடுங்க. எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் தகடு வெச்சு அடைங்க. கார்பரேட்டர் பக்கத்தை ஒரு ரப்பர் அடைப்பான்ல மூடி, அதுல டியூப் வால்வு ஒன்னு சொருகுங்க. பிளக் போட்டுடுங்க. பிஸ்டன் கீழே நிக்கட்டும். கை பம்புல 6 பிஎஸ்ஐ ஏத்துங்க, மேலே போகாதீங்க, சீல் உதடு திரும்பிடும். ஒரு நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக் கூடாது. இறங்கினா சோப்புத் தண்ணி தடவி எங்கே குமிழ் வருதுன்னு பாருங்க. மேக்னெட்டோ கவரைக் கழட்டிட்டுத்தான் பார்க்கணும், இல்லன்னா சீல் கசிவு தெரியாது. கேஸ் ரெண்டும் சேர்ற கோட்டையும் விடாதீங்க. அங்கே காகித கேஸ்கெட் கிடையாது, யமாபாண்ட் மாதிரி பசைதான்.

சீல் மாத்தும்போது: வெளிப்பக்கம் விளிம்போ, பள்ளத்துல உக்கார்ற வரம்போ இருந்தா கேஸைப் பிரிக்காம வராது. ஸ்க்ரூ போட்டு இழுத்து கேஸைக் கீறாதீங்க. அப்படி இல்லாத சீல்னா வெளியில இருந்தே எடுக்கலாம். புதுசு போடும்போது கிராங்க்ல சாவிப் பள்ளத்தை மெல்லிய டேப்ல சுத்தி, உதட்டுல கிரீஸ் தடவுங்க. சாவிப் பள்ளம் உதட்டை அறுத்துட்டா சோதனைல மறுபடியும் தோல்விதான்.

கேஸ் பிரிக்கிறதா இருந்தா கிராங்க் பேரிங்கும் சேர்த்து மாத்திடுங்க. சி3 இடைவெளி (வழக்கத்தை விட கூடின உள் இடைவெளி) உள்ளதுன்னு கேட்டு வாங்கணும். கடைக்காரர் சாதாரணமா எடுத்துக் குடுக்கிறது சூட்டுல இறுகும்.

ஸ்க்ரம்ப்ளர்_மணி | பீடோர்

ஒரு சின்ன எச்சரிக்கை. "நியூ ஓல்ட் ஸ்டாக்"னு சொல்லி 1970கள் யமஹா பையில ரப்பரும் சீலும் விப்பாங்க. பை அழகா இருக்கும். உள்ளே இருக்கிற ரப்பருக்கு ஐம்பது வயசாகிடுச்சு, பைக்குள்ள இருந்தா இளமையா இருக்காது. இன்டேக் ரப்பர், சீல், கண்டென்சர் மூணும் புதுசா தயாரிச்சதையே வாங்குங்க. கியர், ஷாஃப்ட், ஸ்ப்ராக்கெட், ஹெட் மாதிரி இரும்பு, அலுமினியச் சாமான் பழைய ஸ்டாக்கா இருந்தா தங்கம்.

இன்டேக் ரப்பர் மட்டும் தயவு செஞ்சு சைக்கிள் டியூப் சுத்தி சமாளிக்காதீங்க.

டூஸ்ட்ரோக்_தம்பி | கம்பார்

பாயிண்ட் விஷயத்துல நான் விட மாட்டேன். தூக்கி எறிஞ்சிட்டு சிடிஐ (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) போடுங்க. நம்ம ஊர் ஈரத்துல பாயிண்ட் பூஞ்சை பிடிக்கும்.

மேட்டுலயம் | சுங்கை சிப்புட்

தம்பி, இது மோட்டோகிராஸ் இல்ல. யமஹா டிஒய் வரிசை, 1973ல ட்ரையல்ஸ் வீரர் மிக் ஆண்ட்ரூஸ் யமஹாவுக்கு வந்த பிறகு உருவானது. அவரு 1974ல யமஹாலயே ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல் போட்டியை ஜெயிச்சாரு. பாறை மேல நடக்கிற வேகத்துல ஏறணும், என்ஜின் அணையக் கூடாது. அதுக்கு ஃபிளைவீல் கனம் வேணும். சிடிஐ கிட் பலதுல சின்ன உள்சுழல் ரோட்டர்தான் வருது. கனம் போயிடும், திருப்பத்துல பொசுக்குனு அணையும். கிட் வாங்குறதுன்னா பழைய ஃபிளைவீலையே வெச்சு ஓடுதா, இல்ல அதே கனத்துல புதுசு தர்றாங்களான்னு எழுதிக் கேட்டுட்டு வாங்குங்க. டிடி ஃபிளைவீலை மாட்டுறதுக்கு முன்னாடியும் தராசுல வெச்சுப் பாருங்க.

இந்த வண்டிக்குப் பாயிண்ட் போதும். இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. கண்டென்சர் 0.22 முதல் 0.25 மைக்ரோஃபாரட்; அந்த மதிப்புக்குள்ள எந்த வண்டியோடதா இருந்தாலும் ஓடும், எலக்ட்ரானிக் கடையில ஃபிலிம் கப்பாசிட்டர் வாங்கி தகட்டுக்கு வெளியே மாட்டினாலும் சரி, 400 வோல்ட்டுக்குக் கீழே வாங்காதீங்க. பாயிண்ட் கருகிறதுக்குக் காரணம் பாதி நேரம் கண்டென்சர்தான், பாயிண்ட் இல்ல. கேம்ல தேய்க்கிற ஃபெல்ட்டுக்கு ஒரு துளி கிரீஸ். அது காஞ்சா பாயிண்ட் குதிகால் தேஞ்சு டைமிங் பின்னாடி போகும்.

டைமிங் பிளக் ஓட்டையில டயல் கேஜ் வெச்சுதான். மேல் மையத்துக்கு எத்தனை மி.மீ. முன்னாடி திறக்கணும்னு 525 மேனுவல்ல பாருங்க, டிடி அளவை எடுத்துப் போடாதீங்க.

ஃபிளைவீல் கழட்ட புல்லர் வேணும். யமஹா சின்ன என்ஜின்ல நிறைய 27 மி.மீ. இடப்புற மரை. எந்தப் பக்கம் திரும்புதுன்னு மரையைக் கூர்ந்து பார்த்துட்டு வாங்குங்க. சுத்தியல்ல தட்டினா காந்தம் வலுவிழக்கும், கிராங்கும் கோணும்.

டூஸ்ட்ரோக்_தம்பி | கம்பார்

கனம் விஷயம் ஒத்துக்கிறேன். இருந்தாலும் கனமான ஃபிளைவீலோட வர்ற கிட் இருந்தா நான் அதைத்தான் எடுப்பேன். கண்டென்சரைப் போய் கவரைக் கழட்டி மாத்துறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு?

கல்லாறு | சுங்கை சிப்புட்

சோதனை பண்ணிட்டேன். ரப்பர்ல குமிழ் கொட்டுது. அதைத் தனியா அடைச்சிட்டு மறுபடி ஏத்தினேன், மேக்னெட்டோ சீல்லயும் மெதுவா குமிழ் வருது. ரெண்டுமே. சீல் விளிம்பு இல்லாத வகை, வெளியில இருந்தே வரும் போல. கிளட்ச் பத்தி யாரும் சொல்லலையே?

கடைசல்காரன் | ஈப்போ

கிளட்ச் ஒட்டுறதுக்கு முதல் சந்தேகம் எண்ணெய். கார் எண்ணெய் ஊத்தியிருந்தா வடிச்சுட்டு, ஜாசோ எம்ஏ (ஈர கிளட்சுக்கு ஏத்தது) முத்திரை உள்ள 10டபிள்யூ-40 ஊத்துங்க. பல வருஷம் நின்ன வண்டியில பிளேட் ஒன்னோடொன்னு ஒட்டியிருக்கும், பிரிச்சு கழுவினாலே பாதி சரியாகும்.

பிரிச்சதும் ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல வெச்சு 0.05 ஃபீலர் நுழையுதான்னு பாருங்க, நுழைஞ்சா கோணல். ஃபிரிக்ஷன் பிளேட் புதுசு 3.0 மி.மீ., 2.7-க்குக் கீழே போனா மாத்துங்க. கூடையோட விரல்கள்ல பிளேட் காது அடிச்ச பள்ளம் இருக்கும். அதுதான் சூட்டுல ஒட்டுறதுக்குப் பெரிய காரணம்: பிளேட் பள்ளத்துல மாட்டி நகர மாட்டேங்குது. பள்ளம் ரொம்ப ஆழம் இல்லன்னா தட்டை அரத்துல நேராக்குங்க, ரெண்டு எதிர்ப்பக்கமும் சமமா. ஆழமா போயிருந்தா கூடை மாத்தணும், அதுக்கு டிடி175 பட்டியல்ல எண் ஒத்து வருதான்னு பாருங்க. பிளேட்டும் அப்படித்தான்: 16321-க்கு முன்னாடி இருக்கிற மூணு இலக்கத்தைப் பார்த்துத் தேடுங்க, எத்தனை பிளேட்னு எண்ணிட்டு.

புஷ் ராட் முனை காளான் மாதிரி தட்டையாகி இருந்தா கேபிளை எவ்ளோ இறுக்கினாலும் விடாது.

ஸ்ப்ராக்கெட்: முன்பக்கத்தைக் கையில எடுத்துட்டு கடைக்குப் போங்க. ஸ்ப்லைன் எத்தனை, உள்விட்டம், வெளிவிட்டம், பல் தடிப்பு. சங்கிலி 428ன்னா பிட்ச் 12.7, உள் அகலம் 7.94. 420க்கும் பிட்ச் அதேதான் ஆனா அகலம் 6.35; கடைப்பையன் பிட்ச் மட்டும் பார்த்துட்டு மாத்திக் குடுத்துடுவான். பின்பக்கம் துளையில்லாத வட்டு வாங்கி, மையத் துளையும் போல்ட் வட்டமும் நாங்களே வெட்டிக்கலாம். பல் எண்ணிக்கையைக் குறைக்காதீங்க. ரோட்டுல வேகம் வேணும்னு சின்னதாக்கினா முதல் கியர்ல கிளட்ச்சைப் பாதி பிடிச்சே ஓட்ட வேண்டியிருக்கும், புது பிளேட்டும் வெந்துடும்.

ஸ்க்ரம்ப்ளர்_மணி | பீடோர்

டயர்: முன் 2.75-21, பின் 4.00-18. ட்ரையல்ஸ் பேட்டர்ன், அதாவது சதுரக் கட்டை, மென் ரப்பர். இங்கே கடையில காட்டுற எண்டியூரோ முள்டயர் உயரமான கட்டை. பாறையிலயும் வேர் மேலயும் சறுக்கும், அகலமானது ஸ்விங் ஆர்ம்ல உரசும். டன்லப் டி803, ஐஆர்சி டிஆர்-011, மிஷலின் எக்ஸ்11 எல்லாம் ட்ரையல்ஸ் டயர்தான். ஷின்கோ எஸ்ஆர்241 விலை குறைவு, பயிற்சிக்குத் தாராளம். பின்னாடிக்கு வாங்கும்போது டியூப் வகையான்னு பாருங்க. புது வண்டிகளுக்கு வர்றது டியூப்லெஸ், அதோட விளிம்பு பழைய ஸ்போக் ரிம்முல சரியா உக்காராது.

காத்து முன் 6, பின் 5 பிஎஸ்ஐ சுற்றி. அந்தக் காத்துல டயர் ரிம்முல வழுக்கி வால்வைப் பிய்க்கும், அதனால டயரை ரிம்மோட அழுத்திப் பிடிக்கிற ரிம் லாக் கட்டாயம். செம்பனை மட்டை முள் இந்த மென் டயரை சுலபமா குத்தும். கனமான டியூப் கேளுங்க. மட்டை அடுக்கியிருக்கிற வரிசையில போகாதீங்க, அறுவடைப் பாதையிலயே போங்க. களத்துக்கு ரோட்டுல ஓட்டிட்டுப் போறதா இருந்தா 15க்கு மேல ஏத்திட்டுப் போய் அங்கே இறக்குங்க. பக்கவாட்டுல நாலு இலக்கத் தேதி இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

பழைய_இரும்பு | தைப்பிங்

வரவழைப்பது பற்றி. உங்கள் பட்டியலில் கடல் தாண்டி வர வேண்டியது: பிஸ்டன் கிட், இன்டேக் ரப்பர், மேக்னெட்டோ சீல், பாயிண்ட், அடி கேஸ்கெட், ஹெட் கேஸ்கெட், டயர் இங்கே கிடைக்காவிட்டால் டயர். மற்றதெல்லாம் பேராக்கிலேயே முடியும். இங்கிலாந்தில் யாம்பிட்ஸ் டிஒய் சாமான் வைத்திருக்கிறார்கள். பழைய ட்ரையல்ஸ் வண்டிப் பொதுச் சாமான்களுக்குச் சாமி மில்லர் கடை. அடி கேஸ்கெட்டை இங்கே தாளில் வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கிளட்ச் கவருக்கு வெட்டுங்கள், பரவாயில்லை. அடி கேஸ்கெட்டின் தடிப்பு மாறினால் போர்ட் திறக்கும் நேரமும் ஹெட் இடைவெளியும் மாறிவிடும்.

மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குகிற 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10% விற்பனை வரி உண்டு; பதிவு செய்த கடையென்றால் பணம் கட்டும்போதே சேர்த்துவிடும். 500-க்கு மேல் போனால் சுங்கத்தில் வரி, கூரியர் கையாளும் கட்டணம் தனி. டயரையும் சின்னச் சாமானையும் ஒரே பெட்டியில் போடச் சொல்லாதீர்கள்; டயரின் பருமனுக்கு மொத்தப் பெட்டிக்கும் கட்டணம் ஏறும். பாகங்களை ஒரே ஆர்டரில் எடுங்கள், சீல் மட்டும் இரண்டு செட்.

எங்காவது முழு என்ஜின் மலிவாகக் கிடைத்தால் உள் சாமானுக்காக வாங்கலாம். ஆனால் உங்கள் கேஸைத் தூக்கிப் போடாதீர்கள். எண் அதில்தான் இருக்கிறது. கிராண்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாத என்ஜினை மாட்டினால் பரிசோதனை செய்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவை மாற்ற வேண்டும்.

மேட்டுலயம் | சுங்கை சிப்புட்

ரெண்டு விட்டுப்போச்சு. ரீட் வால்வைக் கழட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. இதழ் விளிம்பு உடைஞ்சோ சுருண்டோ இருந்தா மாத்துங்க. ஸ்டீல் இதழ் இருந்தா உடையாட்டியும் ஃபைபருக்கு மாறிடுங்க. ஸ்டீல் துண்டு உள்ளே போனா இப்போ பண்ற போர் வேலை வீண்.

பிரேக் டிரம் திறக்கும்போது காத்துல ஊதாதீங்க. அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியில துடைச்சு, துணியைப் பையில கட்டிப் போடுங்க. ஷூ புதுசு தேட வேணாம், லாரி பிரேக் லைனிங் ஒட்டுற கடையில பழைய ஷூவுக்கே ஒட்டிக் குடுப்பாங்க. ஒட்டினதுக்கு அப்புறம் டிரம் விட்டத்துக்குக் கடைஞ்சு தரச் சொல்லுங்க, இல்லன்னா ஓரம் மட்டும்தான் பிடிக்கும்.

கல்லாறு | சுங்கை சிப்புட்

ஃபோர்க் குழாயும் ஸ்விங் ஆர்மும் நாளைக்கு மெங்லெம்புக்குப் போகுது. பிஸ்டன் 0.75 ஆர்டர் போட்டாச்சு, ரப்பர், சீல் ரெண்டு செட், கேஸ்கெட் எல்லாம் ஒன்னா. ஒரே ஒரு கேள்வி: ஆட்டோலூப் பம்ப் (என்ஜினுக்கு டூஸ்ட்ரோக் எண்ணெயைத் தானா குடுக்கிறது) வேலை செய்யுது, ஆனா நம்பலாமா, இல்ல அடைச்சிட்டு கலந்து ஊத்தலாமா?

பழைய_இரும்பு | தைப்பிங்

வேலை செய்தால் வைத்துக்கொள்ளுங்கள். மலை இறக்கத்தில் திராட்டில் மூடி இறங்கும்போதும் பம்ப் கொஞ்சம் எண்ணெய் கொடுத்துக்கொண்டே இருக்கும். கலந்து ஊற்றினால் அந்த நேரத்தில் பெட்ரோலோடு எண்ணெயும் நின்றுவிடும். எண்ணெய்க் குழாயைப் புதிதாக மாற்றி, பம்ப்பில் உள்ள காற்று ஸ்க்ரூவைத் திறந்து குமிழ் நிற்கும்வரை விட்டு மூடுங்கள். கேபிள் அடையாளம் திராட்டிலோடு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். புது பிஸ்டனுக்கு முதல் டேங்க் மட்டும் பம்ப்போடு சேர்த்து, லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் பெட்ரோலிலும் கலந்து ஊற்றுங்கள். பம்ப்பில் காற்று மிச்சமிருந்தாலும் என்ஜின் தப்பிக்கும். கொஞ்சம் புகையும், பிளக் அழுக்காகும், ஒரு மாற்று பிளக் பையில் இருக்கட்டும்.

பம்ப்பையே அடைப்பதென்றால் சிலிண்டரிலோ இன்டேக்கிலோ அது நுழைகிற துளையைத் தகடு போட்டு முறையாக மூட வேண்டும். வெறும் குழாயைக் கிள்ளி விட்டால் அங்கேயும் காற்று இழுக்கும். லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஊற்றினாலும் பயனில்லை.

கல்லாறு | சுங்கை சிப்புட்

சரி அண்ணே, பம்ப் இருக்கட்டும். குழாய் உள்விட்டம் அளந்துட்டு டவுன்லயே வாங்கிடுறேன்.

ஸ்க்ரம்ப்ளர்_மணி | பீடோர்

தெளிவான குழாய் வாங்கும்போது பெட்ரோல், எண்ணெய் தாங்குற வகையான்னு கேளுங்க. மீன்தொட்டிக் குழாய் ஒரு மாசத்துல மரக்கட்டையாகி பம்ப் முனையில இருந்து கழண்டுக்கும். முனைக்கு முனை ஸ்பிரிங் கிளிப் போடுங்க.